துணை முத்திரை

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம், கண்ணுகளா. சொன்னால் நாலு நாட்டுக்காரர்கள் "எங்களைத்தானே சொல்கிறாய்" என்று சண்டைக்கு வருவார்கள்.

அந்த நாட்டு ராஜா புது மண்டபம் கட்டினார். மண்டபத்தைச் சுற்றி அகழி வேண்டும் என்று ஆற்றைத் திருப்பிவிட்டார். கீழ்க்காட்டு வயல்கள் காய்ந்தன. கூலி வேலையும் போயிற்று. அப்போது முத்திருளாண்டி என்ற தரகன் வந்தான். "மலைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில வேலை. மூணு வேளை சோறு, வருசத்துக்கு ரெண்டு சேலை" என்றான். அரியநாச்சியின் ஒரே மகள் பூங்காவனம், பதினாறு வயதுக்காரி, அவனோடு போனாள். போனவள் போனவள்தான். ஒரு சேதியும் இல்லை.

அரியநாச்சி அரண்மனைக்கு நடந்தே போய், "எம்மகளைக் காணோம் சாமி" என்று புகார் கொடுத்தாள். சபை கூடியது.

"பெண்கள் துணையின்றிக் கணவாயைக் கடப்பதே இந்தச் சீரழிவுக்கு மூலகாரணம்" என்றார் பாதுகாப்பு மந்திரி வித்தகராயர். "இனி அரசு முத்திரை பெற்ற துணையாளருடன் மட்டுமே கடக்கலாம்."

"ஆத்துல தண்ணி விட்டா எவ சாமி கணவாயைக் கடக்கப் போறா?"

"அம்மா, அது பாசனத் துறை. இது பாதுகாப்புத் துறை."

கணவாயில் வழி தெரிந்தவன் நாட்டிலேயே ஒருவன்தான். முத்திருளாண்டிக்கே முத்திரையைக் கொடுத்தார்கள். முன்பு பயந்து பயந்து நாலு பேரைக் கூட்டிப்போனவன், இப்போது கொம்பு ஊதி நாற்பது பேரைக் கூட்டிப்போனான். என்னத்தைச் சொல்ல!

அந்த நாற்பது பேரைப் பெற்றவர்களும் அழுதுகொண்டு வந்தார்கள். முத்திரையோடு போனவர்கள் காணாமல் போனவர்கள் ஆகமாட்டார்கள் என்று விளக்கி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சூளையை மூடினால் என்ன என்று ஒரு குமாஸ்தா வாய்தவறிக் கேட்டார். மண்டபத்துக்குச் செங்கல் அங்கிருந்துதான் பாதி விலையில் வருகிறது என்று மந்திரி சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் போட்ட சட்டம் இன்னும் மோசம்: துணையாளர் இல்லாமல் யாரும் நாட்டுக்குள் திரும்பி வரவும் கூடாது.

மூன்றாம் வருடம் பூங்காவனம் சூளையிலிருந்து தப்பி ஓடிவந்து, கணவாயில் புதிதாகப் போட்டிருந்த கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். உள்ளங்கை இரண்டும் வெந்திருந்தன. சேதி கேட்டு ஓடிய அரியநாச்சி, கம்பிகளுக்கு இடையே கையை விட்டு மகளின் முகத்தைத் தடவினாள்.

"கதவத் தொறங்கய்யா."

"துணையாளரைக் கூட்டிட்டு வரச் சொல்லும்மா" என்றான் காவலன்.

"அவங்கிட்ட இருந்துதானேய்யா ஓடியாந்திருக்கா!"

"சட்டம் அப்படி. நானா எழுதுனேன்?"

"அப்ப எனக்கு முத்திரை குடுங்க. பெத்தவளை விடவா ஒரு துணை?"

காவலனுக்கு மனம் இளகியது. பெட்டியைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்துப் படித்தான். "முன் அனுபவம் கேட்டிருக்காங்கம்மா. இதுவரைக்கும் எத்தனை பேரை வெளிய கூட்டிட்டுப் போயிருக்க? பத்துக்குக் கொறஞ்சா முத்திரை கெடையாது."

"ஒருத்தியைப் பெத்தேன்யா. அவளை உள்ள கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான்."

அந்த நேரம் பார்த்துக் கொம்புச் சத்தம் கேட்டது. பூங்காவனம் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினாள். முத்திருளாண்டி வந்தான். பின்னால் முப்பது பெண்கள், கையில் துணிமூட்டைகள். காவலன் வணக்கம் வைத்துக் கதவை அகலத் திறந்தான்.

"போகாதீங்கடி! வெந்து செத்துருவீங்க!" என்று அரியநாச்சி கத்தினாள்.

ஒருத்தி மட்டும் நின்று திரும்பினாள். "இங்க இருந்தா என்னத்தை அத்தை திங்கிறது?"

அரியநாச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர்களோடு அவளும் வெளியே நடந்தாள்.

"ஏம்மா! முத்திரை இல்லாமப் போனா திரும்ப வர முடியாதும்மா!"

"எம்மக நிக்கிற பக்கந்தான்யா எனக்கு உள்ள."

கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் சபையில் வித்தகராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "காணாமல் போனவர்கள் குறித்து நிலுவையில் இருந்த ஒரே புகாரும் வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது. புகார் கொடுத்தவர் நாட்டில் இல்லை."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்றாம்.