ஆறாவது ஏன்

முதல் தடவை அணைந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அருள்பாண்டி சொன்னதில் பாதியை நான் மறந்திருக்கலாம், கொஞ்சத்தை நானே சேர்த்திருக்கலாம். ஆனால் அவனுடைய கம்ப்யூட்டர் அணைந்தபோது தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மட்டும் சந்தேகமில்லை.

போனில் இசைவாணி கத்தினாள். குன்றத்தூர்க்காரி. ஒரகடத்துத் தொழிற்சாலை ஊழியர்களுக்கான ஆன்லைன் துப்பாக்கிச் சண்டைப் போட்டியில் அவன் அணிக்குக் கேப்டன்.

"டேய் அருளு, கரண்ட் போச்சாடா?"

"இல்ல, ஃபேன் ஓடுது."

"அப்ப தோக்குற நேரமா பாத்துக் கழண்டுக்கினியா?"

"சத்தியமா அதுவா ஆஃப் ஆயிருச்சு!"

"ஞாயித்துக்கெழம செமி ஃபைனல். அன்னிக்கும் பாதில ஓடுனேன்னு வையி, டீம்ல எடம் கெடயாது. பயந்தாங்கொள்ளின்னு குரூப்லயே போட்டுருவேன்."

தோல்வி அவனுக்குப் பெரிதில்லை. அந்த ஒரு சொல்தான் நெஞ்சில் குத்தியது.

அருள்பாண்டிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவன். வடக்குப்பட்டில் மாடி அறை. உடன் இருந்தவர் தாய்மாமா கொம்பையா. ஐம்பது வயதில், போன வாரம்தான் அவனிடமே பயிற்சி முடித்து அதே தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். அங்கே அவனை 'சார்' என்பார், அறையில் 'மருமவனே' என்பார். கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் சுவிட்ச் போர்டுக்குக் கீழே பாயில் சாய்ந்து அறையில் இருக்கும் நேரமெல்லாம் சும்மா இருப்பார். சிலருடைய மௌனம் நம்மைக் கேள்வி கேட்கும். மாமாவுடையது, யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கும்.

புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை. கூடவே, விளக்கு வைத்த விசிறி ஒன்றும் மாட்டியிருந்தான். சும்மா இருக்கையில் நீலமாக ஒளிரும், ஆட்டம் சூடேறினால் சிவக்கும். இருபதாவது நிமிடம் பொட்டென்று எல்லாம் இருண்டுவிடும். அவன் உடனே மேஜைக்கடியில் புகுந்து வயர்களை ஆட்டிப் பார்ப்பான். எல்லாம் சரியாகவே இருக்கும்.

தொழிற்சாலையில் எது பழுதானாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். அவனும் சுவரில் தாள் ஒட்டி எழுதினான். ஏன் அணைந்தது? சூடு. ஏன் சூடு? காற்று போதவில்லை. ஏன் போதவில்லை? விசிறி ஒன்றுதான். இப்படியே ஐந்தாவது ஏன் வரை போனது.

மாமா எழுந்து வந்து தாளை ஒருதரம் வாசித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இது டெக்னிக்கல் மாமா. நீங்க படுங்க."

மாமா படுத்துக்கொண்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுபாஷ் இன்னும் மூன்று விசிறிகளை மாட்டினான். நான்கும் ஒன்றாகச் சிவந்தபோது அறையே அடுப்புபோல ஜொலித்தது. இப்போது பத்தே நிமிடத்தில் அணைந்தது.

பெட்டியை மறுபடி பைக்கில் கட்டிக்கொண்டு போனான். கடையில் அது மூன்று மணி நேரம் சளைக்காமல் ஓடியது.

"இன்னாபா, இங்க ஜம்முனு ஓடினுகீது. உன் வூட்ல மட்டும் இன்னா நோவு அதுக்கு?"

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"பவர் சப்ளைய பெருசா போட்டுக்க. சைடுல கண்ணாடி வெச்ச பாக்ஸா மாத்திக்க. உள்ள லைட்டெல்லாம் பளபளன்னு தெரியும், கெத்தா இருக்கும்."

கெத்தாகத்தான் இருந்தது. மூன்றாவது நிமிடம் அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. உள்ளே கொஞ்சம் காற்றாவது படட்டும் என்று பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். அணியில் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். எதிரிகள் இரண்டு பேர். "அடி அருளு, அடி!" என்று ஹெட்போனில் இசைவாணி அலறினாள். ஒருவனை வீழ்த்தினான். அடுத்தவனைக் குறிபார்த்தான்.

பொட்.

இந்தத் தடவை மேஜைக்கடியில் புக அவனுக்குத் தெம்பில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான். கறுத்துப்போன திரை கண்ணாடிபோல அவனுக்குப் பின்னாலிருந்த சுவரைக் காட்டியது. சுவரில் சுவிட்ச் போர்டு. அதில் ஒரு கை, நிதானமாக ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

அருள்பாண்டி மெல்லத் திரும்பினான்.

"ஏன் மாமா?"

கொம்பையாவின் முகம் மலர்ந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, பயிற்சிக் கூடத்தில் நிற்பதுபோல விறைப்பாக நின்றார்.

"செவப்பு லைட்டு எரிஞ்சா யாருகிட்டயும் கேக்காம மெசின நிறுத்தணும், லைட்டு அணைஞ்சதும் திரும்பக் கரண்டக் குடுத்துட்டு, ஏன்னு கேக்க வாரவரைக்கும் காத்திருக்கணும்னு நீங்கதான சார் சொல்லிக்குடுத்தீக? அஞ்சு நாளாக் காத்துக் கெடக்கேன், நீங்க கேக்கவே இல்லியே!"

அணி தோற்றது. அருள்பாண்டியின் இடத்துக்கு மாரிராஜ் என்றொருவன் வந்தான். சுபாஷ் எல்லா விளக்குகளையும் பச்சையாக்கிக் கொடுத்தான். கம்ப்யூட்டர் அதன்பிறகு அணையவேயில்லை. அந்த மாதத்தின் சிறந்த பாதுகாப்புத் தொழிலாளி கொம்பையா. சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் அருள்பாண்டி.