ஐம்பத்திரண்டரை கிலோவுக்குக் கைதட்டல்

அன்பும் கொஞ்சம் கோபமும் கலந்து தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. எனக்குக் கிட்னி போய் ஆறு வருஷம், உனக்குப் போய் ஆறு மாதம். நாம் ஒருவரை ஒருவர் சுகமா என்று கேட்டுக்கொள்வது மைக்குக் கேடு. உன் ஊர் டயாலிசிஸ்காரர்களைச் சேர்த்து எங்களுடையதைப் போல ஒரு குழு தொடங்கப் போவதாகவும், முதல் கூட்டத்துக்கு அக்காதான் தலைமை என்று அழைப்பிதழே அடித்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். பேத்தி அதை மூன்று தடவை சத்தமாக வாசித்தாள். எனக்கும் வாசிக்கத் தெரியும்தான், ஆனாலும் நம்மைப் பற்றி அடுத்தவர் வாசித்துக் கேட்பது தனிச் சுகம். அதெல்லாம் சரி, நான் வர மாட்டேன். நீயும் தொடங்காதே. நான் குழுவை மூடிவிட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இது எதற்கு என்று உன் அத்தான் அப்போதே கேட்டார். அந்த வீம்பில்தான் தொடங்கினேன். முதலில் கிடைத்த அறை மூன்றாவது மாடி. பதினொரு பேர் மூச்சிரைக்க ஏறி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆளுக்கொரு தடவை அப்பாடா என்றார்கள். இப்போதே புறப்பட்டால்தான் இருட்டுவதற்குள் கீழே போய்ச் சேரலாம் என்று இறங்கிவிட்டோம். முதல் கூட்டத்தின் நடவடிக்கை என்று ரெஜிஸ்டரில் அப்படியே எழுதியிருக்கிறேன். அப்புறம் தரைத்தளத்தில் நூலகத்தின் பின்னறை கிடைத்தது, அங்கே சுவரில் பெரிய அருவிப் படம். நாளுக்கு அரை லிட்டர் தண்ணீரில் காலம் தள்ளுகிறவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர ஒருத்தரும் என் பேச்சைக் கேட்கவில்லை. படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டினேன்.

மூன்றாம் மாதம் எனக்கொரு யோசனை வந்தது, வினையும் அதோடு வந்தது. டயாலிசிஸ் மெஷினில் தண்ணீரை எடுத்த பிறகு நமக்கு ஒரு எடை. அடுத்த தடவைக்குள் அதற்கு மேல் ஏறுவதெல்லாம் நாம் திருட்டுத்தனமாகக் குடித்தது, இல்லையா? அதனால் வாசலில் எடை மெஷின் வைத்தேன். வியாழக்கிழமை தோறும் ஒவ்வொருவராக ஏறி நிற்க வேண்டும், நான் எண்ணை உரக்கப் படிப்பேன், எடை குறைவாக ஏறியவருக்கு எல்லோரும் கைதட்ட வேண்டும். கண்டக்டர் ஒருவர் இருக்கிறார், செருப்பு, பெல்ட், கண்ணாடி, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி, கடைசியில் பல்செட்டையும் எடுத்து என் ரெஜிஸ்டர் மேல் வைத்துவிட்டு ஏறுவார். அப்படியும் நாலு கிலோ கூடவே இருக்கும்.

"என்ன கண்டக்டரே, ஏரியில வாய வச்சீங்களா?"

"இல்லக்கா, மனசுல பாரம்."

எங்கள் தையல்காரர் மட்டும் தங்கம். அறுபது வயது, அதிராத பேச்சு. எப்போது ஏறினாலும் ஐம்பத்திரண்டரை, ஒரு கிலோவுக்கு மேல் கூடியதே கிடையாது. வாரா வாரம் கைதட்டல் அவருக்குத்தான். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களை வறுத்தெடுப்பேன். அவரும் தலையைக் குனிந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எனக்கு அவ்வளவு பெருமை, ஏதோ நான் பெற்ற பிள்ளை மாதிரி.

அந்தக் கைதட்டல் போய்விடுமே என்று மனுஷன் சோற்றைக் குறைத்திருக்கிறார், தம்பி. முதலில் புதன்கிழமை மட்டும், பிறகு எல்லா நாளும். சதை கரைந்த இடத்தில் தண்ணீர் வந்து நின்றுகொண்டது, எண் மட்டும் அசையவில்லை. அந்த எண்ணை நம்பித்தான் ஆஸ்பத்திரியிலும் தண்ணீரை எடுத்தார்கள், மிச்சம் நெஞ்சிலேயே தேங்கிவிட்டது. இதெல்லாம் நர்ஸ் பிறகு எனக்குச் சொன்னது. கடைசியாக அவர் வந்த வியாழக்கிழமை, முட்டியில் கையை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, மூச்சு வாங்குதா?" என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பாருங்க, எப்படி அமைதியா உட்கார்ந்திருக்காரு. உங்கள மாதிரி வாயத் திறந்துகிட்டே இருந்தா தாகம் எடுக்காம என்ன செய்யும்?" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அழவில்லை.

"அக்கா, வியாழக்கிழமை அவரு எத்தன கிலோ?"

"ஐம்பத்திரண்டரைம்மா."

"அப்ப நல்லாத்தானே இருந்திருக்காரு. கைதட்டினீங்கள்ல?"

பிறகு அலமாரியைத் திறந்து அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் மூன்று தையல், ஒன்றுக்குள் ஒன்றாக. உடம்பு இளைக்க இளைக்க யாருக்கும் தெரியாமல் தானே பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். சட்டை தொளதொள என்று தொங்கியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும். நன்றாகத் தைக்கத் தெரிந்த மனுஷன், பாவி.

அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லியனுப்பிவிட்டேன், இனிமேல் கூட்டம் இல்லை என்று. ஊருக்கே புத்தி சொன்ன வாய்க்கு இது போதும். நீ அந்த அழைப்பிதழ்களைக் கிழித்துப் போடு. மெஷினுக்குத் தவறாமல் போ, வேளைக்குச் சாப்பிடு, யார் கைதட்டினாலும் திரும்பிப் பார்க்காதே. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உனக்கு அடுத்த டயாலிசிஸ் வரை குறையில்லாத ஆயுள், அதற்கடுத்த தடவைக்கும் அப்படியே.

இப்படிக்கு,
உன் அக்கா.

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. எடை மெஷினைத் தூக்கி வந்துவிடலாம் என்று பின்னறைக்குப் போனால் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். என் நாற்காலியில் தையல்காரர் மனைவி, கழுத்தில் டேப், மடியில் அவருடைய அளவு நோட்டு. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர்தான் தைத்தவர், அவர்களுடைய பழைய அளவெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொருவர் மேல்கைச் சுற்றளவையும் அளந்து நோட்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஊசி குத்தாத கைய நீட்டுங்க."

"தலைவிக்கு எதுக்கும்மா?"

"தலைவி இப்ப நான். நீட்டுங்க."

நோட்டில் பதினொன்றே கால் அங்குலம். டேப்பில் ஒன்பதே முக்கால். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசிக்க வேண்டியிருந்ததே, அதுதான் பதில் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்டக்டரை அனுப்பிச் சாப்பாடு வாங்கி வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் உட்கார்த்திவைத்து என்னைத் தின்னவைத்தாள். எனக்கு எவ்வளவு அவமானம், எவ்வளவு பசி!

அழைப்பிதழைக் கிழித்திருந்தால் மறுபடி அடித்துக்கொள். தலைமை அவள். என்னைக் கீழே உறுப்பினர்களோடு போடு, பட்டமெல்லாம் வேண்டாம். இரண்டு பேரும் வருகிறோம். உன்னிடம் பழைய சட்டை ஏதாவது இருந்தால் எடுத்து வை, இளைத்த பிறகு யாரும் பிடித்துத் தைக்காத சட்டையாக. வந்ததும் நீ அதைப் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் நிற்க வேண்டும்.