ஸெனொஃபோனின் வாய் என்ன சொல்கிறது?

எர்முப்போலி, சீரோஸ் தீவு
1979 அக்டோபர் 14

மெல்பர்னில் இருக்கும் மரியாதைக்குரிய கொழுந்தனார் ஸ்தமாத்திஸ் அவர்களுக்கு,

அண்ணி அனெஸ்டோ எழுதுவது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

உங்கள் அண்ணன் ஸெனொஃபோனின் நாற்பதாம் நாள் வழிபாடு நல்லபடியாக முடிந்தது, வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எல்லோருக்கும் கொடுத்தோம், அன்றைக்கென்று பார்த்து ஏதென்ஸில் கழுவக் கொடுத்திருந்த கடைசிப் படச்சுருள் தபாலில் வந்து சேர்ந்தது. உங்களுக்குத் தெரியாததா, சுங்க அலுவலகத்தில் முத்திரை குத்திய நேரம் போக முப்பது வருஷம் படம் பிடித்தார், அந்த அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்திலேயே கவிதை எழுதினார், ஊமைப் படம் ஓட ஓடப் பக்கத்தில் நின்று அதை உரக்க வாசிப்பார், கடலைப் பார்க்கும் ஆட்டைப் பதினான்கு நிமிஷம் எடுத்தாரே, அதில் ஆடே பொறுக்கமாட்டாமல் எழுந்து போய்விடும். ஆனால் எந்தப் படத்திலும் அவர் இருந்ததில்லை. இந்த ஒன்றில்தான் இருக்கிறார், பிடித்தது நான். ஆகஸ்டில் கப்பல் துறையில் கேமராவை என் கையில் திணித்துவிட்டு எதிரே போய் நின்று ஏதோ சொன்னார், கப்பல் சங்கு ஊதியதில் ஒன்றும் கேட்கவில்லை. "என்ன சொன்னீங்க?" என்றேன். "படம் வரட்டும், தெரிஞ்சுப்பே" என்றார். படம் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

திரைப்படக் கழகத்தில் போட்டுப் பார்த்தோம். திரை முழுக்க வாயும் மோவாயும்தான், மூக்குக்கு மேலே ஒன்றும் இல்லை. கழகத் தலைவர், மருந்துக்கடை கிளேயாந்திஸ், எழுந்தே நின்றுவிட்டார். "கண்ணை மறைச்சு வாயை மட்டும் காட்டியிருக்கான் பாருங்க, இதான்யா கலை! சொல்றது கவிதை." பாதிரியார், "இல்லவே இல்ல, ஜெபம்" என்றார். நாவிதர் தாசோஸ் விடுவாரா? "சாமி, சும்மா இருங்க. மேலதிகாரியைத் திட்டுறான். இருபது வருஷமா நான் சவரம் பண்ணின வாய், எனக்குத் தெரியாதா?"

கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் வேறு, "அக்கா, பேருக்குக் கீழே என்ன போடணும்?" என்று நச்சரிக்கிறார். முதலாண்டு நினைவு நாளுக்குள் கல் நட வேண்டும். அன்றைக்கு அவர் எனக்கென்று சொன்னதைத்தான் போட ஆசை. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது, துக்கமாகவும் இருக்கிறது. சின்ன வயதில் காய்ச்சலில் உங்களுக்குக் காது போனதிலிருந்து அவர் உதட்டைப் பார்த்துத்தானே அவரோடு பேசினீர்கள், அந்த வாயை உங்களைவிட அறிந்தவர் யார்? தயவுசெய்து ஒரு முறை புறப்பட்டு வாருங்கள்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளை மாதா ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி அனெஸ்டோ

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் வீட்டில் அவருடைய புரொஜெக்டரில் மறுபடி ஓட்டினேன். அவர் வாய் போகிறபடியே என் வாயையும் அசைத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை வார்த்தை தானாக வந்துவிட்டது. "மேலே தூக்குடி, தலை வெட்டுப்படுது." அவ்வளவுதான். சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். கல்லில் பெயர் மட்டும் போதும் என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அது காதில் விழுந்து, கேமராவை இரண்டு விரற்கடை தூக்கியிருந்தால், அவர் கண்ணும் எனக்குக் கிடைத்திருக்கும்.