பெட்டிக்குக் காவல்

கைபேசி வாளித் தண்ணீரில் விழுந்தது. அதோடு அதில் படமெடுத்து வைத்திருந்த குழந்தையின் எட்டு மாதச் சிரிப்பும் முழுகிப் போனது. மனைவி அழுதாள். வீட்டுக்காரரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். உள்ளுக்குள் மட்டும் ஒரு திட்டம் முட்டையிட்டது.

அலுவலகம் அலுவலகமாகப் போய் பிரின்டர் பழுது பார்ப்பது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆடுவது அவர் உயிர். குழந்தை பிறந்ததிலிருந்து அந்த உயிர் ஊசலாடியது. தெருக்கோடியில் மருந்துக்கடைக்காரர் கேரம் பலகைக்குப் பவுடர் போட்டுக் காத்திருப்பார். இவர் வீட்டில் குழந்தைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வாரமே படங்களைச் சேமித்து வைக்கும் ஒரு கறுப்புப் பெட்டி வந்து இறங்கியது.

"இதுக்குள்ள ரெண்டு டிஸ்க். படத்த ஒண்ணுல போட்டா இன்னொண்ணுலயும் தானா விழுந்துடும். கண்ணாடி மாதிரி."

"அப்ப கையில மூணாவது எதுக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் தவமிருந்தார்.

"வீடு தீப்பிடிச்சா ரெண்டும் போயிடும்ல? அதனால ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒண்ண உருவி வெளிய கொண்டுபோய் வைக்கணும். இன்னொண்ண இங்க சொருகணும். மருந்துக்கடைக்காரர் வீடு இருக்கு. அலைச்சல்தான். என்ன பண்றது, புள்ளைக்காக!"

"பாவம்ங்க நீங்க. சரி, சொருகினா?"

"பெட்டியே எல்லாத்தையும் அதுல ஏத்திக்கும். அதுவரைக்கும் விளக்கு ஆரஞ்சா மின்னும், முடிஞ்சா பச்சை. எப்படியும் சாயங்காலம் ஆயிடும்."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

பெருமை வந்து வாயைத் திறந்துவிட்டது. "அதான் கண்டம்! அந்த நேரம் பெட்டியில ஒண்ணுதான் முழுசா இருக்கும். விவரம் தெரிஞ்சவன் பக்கத்துலயே உக்காந்திருக்கணும்."

"ஓகோ," என்றாள் மனைவி. அந்த 'ஓகோ'வை அவர் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறு வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. ஒரு டிஸ்க்கை உருவினார், இன்னொன்றைச் சொருகினார், சீட்டியடித்துக்கொண்டே திரும்பினார். வாசலில் மனைவி கைப்பையும் செருப்புமாக நின்றாள்.

"குடுங்க அத."

"நீ எதுக்கும்மா வெயில்ல...?"

"மருந்துக்கடைக்காரர் வீடு நம்ம தெருதானே? தீ என்ன, நம்ம வீட்டோட நின்னுக்குமா? எங்க அக்கா வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். தீ நீந்தியா வரும்?"

"அப்ப நானே அங்க கொண்டுபோறேன்!"

"நீங்க போயிட்டா விளக்க யாருங்க பாக்கறது? நான் என்னத்தக் கண்டேன்? விவரம் தெரிஞ்சவர் நீங்கதானே!"

டிஸ்க் அவள் பைக்குள் போனது. குழந்தை அவர் இடுப்புக்கு வந்தது.

மத்தியானம் மருந்துக்கடைக்காரர் போன் பண்ணினார். "யோவ், ஆள் குறையுது, வர்றியா இல்லியா?"

"பச்சை விழட்டும்யா. புள்ளையத் தூக்கிட்டு ஓடி வந்துடறேன்!"

அந்தப் பேச்சு நடக்கும்போதே குழந்தை தவழ்ந்துபோய் மின்னுகிற விளக்கைப் பிடிக்கப் பார்த்தது. விளக்கு வரவில்லை. டிஸ்க் வந்தது. சுலபமாக உருவ வேண்டும் என்று அவரே தேடித் தேடி வாங்கிய பெட்டி. பதறிப்போய்த் திரும்பச் சொருகினார். பெட்டி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அழாத குறையாக மனைவிக்குப் போன் போட்டார்.

"அதனால என்னங்க," என்றாள் அவள். "நீங்க பொறுமையாப் பாருங்க. நான் ராத்திரி இங்கயே சாப்பிட்டுட்டு வந்துக்கறேன்."