கல்லறைக்கு வைத்த நேர்த்தி

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை.

பெருமதிப்புக்குரிய பெரிய மாமாவுக்கு,

மருமகள் சாம்பவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். ஒஸ்லோவில் பனி குறைந்து, உங்கள் முழங்கால் நோவும் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். "கைகூப்புகிற படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நன்றி இல்லை, பேனை பிடித்து எழுது" என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். பரீட்சை முடிவு வந்த பிறகு எழுதலாம் என்று அம்மா மறித்ததால்தான் இவ்வளவு தாமதம். ஒன்பது பாடத்துக்கும் ஏ வந்திருக்கிறது. அதனால் வந்த சிக்கலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நன்றி.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பரிசாக, நீர்கொழும்பிலிருந்து களுத்துறை வரை பழைய இடங்களைப் பார்க்க நீங்கள் ஒழுங்கு செய்த வானுக்கும், அதை ஓட்டிய நபீஸ் நானாவுக்கும் நன்றி. நீர்கொழும்பில் ஒரு பழைய கத்தோலிக்கக் கோயிலின் விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, கல்யாணத்துக்கு வந்து நின்ற மணப்பெண்ணின் நீண்ட வெள்ளை உடையை மிதித்துவிட்டேன். அவர் கோபிக்காமல் எங்களுக்கும் கேக் தந்தார், அவருக்கும் நன்றி. புறக்கோட்டையில் ஒல்லாந்தர் காலத்து வீடு ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத்தான் அம்மாவைத் தெரியுமே, பழைய கட்டடம் என்றால் அவருக்குக் கோயில்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "செரெப்பு தாகன்ன, அம்மே" என்று காவலாளி சிங்களத்தில் கெஞ்சியும் அம்மா போடவில்லை, செருப்பைக் கைப்பையில் வாழைப்பழத்தோடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். பின்னால் வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துத் தாங்களும் கழற்ற, நாங்கள் வெளியே வரும்போது வாசலில் திருவிழா மாதிரிச் செருப்புக் குவியல். பிறகு பார்த்த கறுவாத் தோட்டத்தில் வான் சில்லு சேற்றில் புதைந்துவிட்டது. பட்டை உரிப்பதை விட்டுவிட்டு வந்து தள்ளிவிட்ட எல்லோருக்கும் அம்மா எங்கள் மத்தியானச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டார். அன்று எனக்குக் கிடைத்தது அந்த வாழைப்பழம்தான். அதற்கும் நன்றி.

மாமா, இனித்தான் விஷயம். உயர்தரத்தில் நான் கலைப்பிரிவில் வரலாறு படிக்க விரும்புகிறேன். அம்மா உயிரியல் என்கிறார். என்னைக் கேட்காமலே பக்கத்து ஒழுங்கை ரியூசனில் இடம் பிடித்துவிட்டார், வகுப்பு நாளை தொடங்குகிறது. இந்த வழக்கில் எனக்குச் சாதகமாக இருந்த ஒரே சாட்சியை நானே கெடுத்துக்கொண்டேன்.

பயணத்தின் கடைசி இடம், பாணந்துறை தாண்டிக் கடற்கரையோரம் இருக்கும் ஒரு சின்ன ஒல்லாந்தர் தேவாலயம். உள்ளே வெறும் வெள்ளைச் சுவர், மர வாங்குகள், தரையில் கல்லறைக் கற்கள், வேறு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிற அம்மா திகைத்துவிட்டார்.

"சாமி எங்கையடி?"

"இவை சிலை வைக்கிறேல்லை அம்மா."

"அப்ப ஆரிட்டைக் கேக்கிறது?"

சுற்றிப் பார்த்தார். சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்த ஒரு கல்லில், சுருள்முடித் தலையோடு ஒரு மனிதரைச் செதுக்கியிருந்தார்கள். அம்மா தன் தலைப்பூவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு இரகசியமாக வேண்டினார். அம்மாவின் இரகசியம் காலி வீதியின் மற்றப் பக்கத்துக்கும் கேட்கும். "ஐயா, என்ர பிள்ளைக்கு எல்லாத்துக்கும் ஏ வரவேணும். வந்தா, அவள் என்ன கேட்டாலும் மறுக்கமாட்டன்."

அந்த நேரத்தில் நான் பேசாமல் நின்றிருக்க வேண்டும் மாமா. ஆனால் புத்தகத்தில் படித்தது வாய்க்குள் நிற்கவில்லை. "அம்மா, உவர் சாமி இல்லை, கோட்டைக் கொமாண்டர். சனத்தை அடிச்சுக் கறுவா எடுப்பிச்ச ஆள்" என்று தொடங்கி, அவர் எந்தக் கப்பலில் வந்தார் என்பது வரைக்கும் சொல்லி முடித்தேன்.

நபீஸ் நானா தலையில் கைவைத்தார். "மிஸ், நீங்க கொஞ்சம் வாய மூடிக்கொண்டு ஈந்தா எவ்வளவு நல்லம்!"

முடிவு வந்த அன்று நேர்த்தியை நினைவுபடுத்தி, வரலாறு கேட்டேன். அம்மா தேங்காய் துருவுவதை நிற்பாட்டவும் இல்லை. "நேத்தியோ? நீதானே சொன்னனி, அவர் சாமி இல்லையெண்டு? சனத்தை அடிச்சவனுக்கு நேந்தா அது நேத்தியோடி?" அவர் சொன்ன ஆதாரம் முழுவதும் நான் கொடுத்தது. அம்மாவுக்குப் பழைய ஆட்களைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, வரலாற்றில் ஆர்வமும் இல்லை. ஆனால் தமையன் சொல்லை மட்டும் தட்டமாட்டார். ஆகவே கடிதம் கண்டவுடன் தொலைபேசியில் அழைத்து, ஆருக்கு வைத்தாலும் நேர்த்தி நேர்த்திதான் என்று ஒரு தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று மன்றாடுகிறேன். நீங்கள் அந்த வானை அனுப்பியிருக்காவிட்டால் இந்த ஆசை எனக்கு இவ்வளவு உறுதிப்பட்டிருக்காது, அதனால் கொஞ்சப் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

மாமிக்கும் மச்சாளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் முழங்காலுக்கு அம்மா வைத்திருக்கும் எண்ணெயை அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிடுவோம்.

உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
சாம்பவி

பி.கு: மாமா, தயவுசெய்து அம்மாவுக்கு அழைக்க வேண்டாம். முத்திரை வாங்காததால் இந்தக் கடிதம் மேசையில் கிடக்க, நான் ரியூசனுக்குப் போன நேரம் அம்மா தனியாக ரயில் ஏறி அந்தத் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார். மனம் கேட்கவில்லையாம், நேர்த்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரத்தானாம் போனவர். அங்கிருந்த போதகர் சொன்னாராம், அம்மா பூ வைத்த கல் கொமாண்டருடையது இல்லை, கொமாண்டரின் கல் வாசல் பக்கத்தில் இருக்கிறதாம். இவர் கப்பலோடு வந்து காய்ச்சலில் செத்த இளம் டொக்டர். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த ஒரு பிள்ளை போன வருடம் வந்து எழுத்தைப் படித்துச் சொல்லும்வரை தங்களுக்கே அது தெரியாதாம், அவரைத் தேடி வேறு ஒருவரும் வந்ததும் இல்லையாம். அம்மா தன் கைலேஞ்சியை நனைத்துக் கல்லைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறார்.

கண் சிவந்திருந்தது. "டொக்டராப் படிச்ச மனுசன், பாவம். முந்நூறு வருசமா ஏனெண்டு கேக்க நாதியில்லை. அவர் ஆரெண்டு சொல்லவும் சரித்திரம் படிச்ச பிள்ளைதான் வரவேண்டிக் கிடந்தது. அந்தாளுக்கு நான் பொய் சொல்லேலாது. நீ சரித்திரமே படி."

ஆகவே அம்மாவைப் பற்றி மேலே எழுதியதை அழித்துவிடுங்கள். என் வரலாற்று அறிவைப் பற்றியும் எதுவும் நினைக்க வேண்டாம். அம்மா எனக்கு முதல் ஆராய்ச்சியும் தந்துவிட்டார்: அந்த டொக்டரின் நட்சத்திரம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் பெயரில் அர்ச்சனை செய்யப்போகிறாராம்.