எர்த்தண்ணன் அனுமதித்த ஏசி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஏசி வாங்கியவர்களில் எர்த்தண்ணனிடம் ஏச்சு வாங்காமல் குளிர்ந்தவர் ஒருவர்கூட இல்லை.

அவருடைய இயற்பெயர் அவருடைய வயரிங் லைசென்சில் இருக்கும். நாங்கள் பார்த்ததில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் "சுகமா?" என்று கேட்பதற்கு முன்னால் "எர்த்து உண்டா?" என்று கேட்பார். அதனால் அந்தப் பெயர். கல்யாண வீட்டில் எல்லாரும் பந்தியில் இடம் பிடிக்கப் போகும்போது அவர் மீட்டர் பலகையைத் தேடிப் போவார். வயரிங் சரியாக இருந்தால் பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடிப்பார். சரியில்லை என்றால் பாயசத்தில் இனிப்பு போதாது என்பார்.

கொல்லயிலில் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்த மார்ச் மாதத்தில் என் மனைவி ஜெசிக்கு ஏழாம் மாதம். வெயில் ஓட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. கடையிலிருந்து வந்த ஃபிட்டர் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டு, சமையலறையில் மிக்சி ஓடும் பிளக்கிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்தார். அந்த நேரம் பார்த்து எர்த்தண்ணன் வாசலில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. தெருவில் ஏசி அட்டைப்பெட்டியைப் பார்த்து வந்திருக்கிறார்.

"எலே, அது மிக்சிக்க பிளக்காக்கும். அதுல ஏசியைக் குத்துனா வயரு வெந்து போவும்."

"எல்லா வீட்லயும் இப்பிடித்தான் அண்ணா," என்றார் ஃபிட்டர்.

"எல்லா வீட்லயும் நான் போய்ச் சேரலியே மக்கா."

ஃபிட்டர் போய்விட்டார். எர்த்தண்ணன் பழைய எர்த்து வயரைப் பின்தொடர்ந்து கொல்லைப்புறம் வரை போனார். அது ஒரு வாழைக்கன்றின் அடியில், எதோடும் சேராமல் முடிந்திருந்தது. துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.

"ஏசிக்குத் தனி லைன் வேணும். தடிச்ச செம்புக் கம்பி, தனி பிரேக்கரு, ஷாக்கடிச்சா உடனே கட்டாக்குத இஎல்சிபி. பின்ன எர்த்துக்குப் புதுக் குழி. ரூலு ரூலாக்கும்."

"எத்தனை நாளாவும்ணா?" என்று கேட்டாள் ஜெசி.

"மண்ணு சொல்லணும் மோளே."

மண் ஒன்பது நாள் பேசாமல் இருந்தது. முதல் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. இரண்டாவது குழி தோண்டினார். போகிற வருகிறவர்கள் கிணறா, கக்கூஸ் குழியா என்று விசாரித்தார்கள். ஜெசி ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, சுவரில் ஓடாமல் தொங்கிய ஏசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏசியைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

ஐந்தாம் நாள் எர்த்தண்ணனின் மனைவி ஒரு டேபிள் ஃபேனோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். "எங்க வீட்ல இருக்கது இது ஒண்ணுதான். இங்க கொண்டு குடுன்னு அவரு சொல்லியாச்சு. நாங்க வெளித்திண்டுல படுத்துக்கிடுவோம்."

ஜெசி அதற்குப் பிறகு அவரைத் திட்டவில்லை. என்னை மட்டும் திட்டினாள்.

பத்தாம் நாள் எங்கள் ஏசி ஓடத் தொடங்கியது. மறுவாரம், பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் சாரின் மகளுக்கு நிச்சயம். பாலராமபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து சார் வீட்டுப் புது ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அதே ஃபிட்டர், அதே எக்ஸ்டென்ஷன். போதகர் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார். முற்றத்து நாற்காலியில் இருந்த எர்த்தண்ணன் மூக்கை உயர்த்தினார். எழுந்து நேராகப் போய் வீட்டின் மெயினை அணைத்தார்.

ஏசி நின்றது. மைக் நின்றது. போதகர் கண்ணைத் திறந்தார்.

"ஓய், உமக்குப் பைத்தியமா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால எனக்க மானத்த வாங்குதீரா?" ஹெட்மாஸ்டர் கத்தினார்.

எர்த்தண்ணன் சோபாவுக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலையை விலக்கினார். பிளக் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. சீலையின் ஓரம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அதற்கு முன்னால்தான், சோபாவில், மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். ஹெட்மாஸ்டர் அந்தக் கருகலைத் தொட்டுப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நிச்சயம் முற்றத்துப் பலாமரத்தடியில் நடந்து முடிந்தது. எல்லாரும் வேர்வையில் நனைந்திருந்ததால் ஜெபம் சுருக்கமாக அமைந்தது. புறப்படும்போது மாப்பிள்ளையின் அப்பா எர்த்தண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "எங்க வீட்டையும் ஒருக்கா வந்து பாப்பியளா?"

"வாறேன். எர்த்து உண்டா?"

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்கள் கவுனும் கிலுகிலுப்பையும் கொண்டுவந்தார்கள். எர்த்தண்ணன் ஒரு பொட்டலம் நிறைய, பிளக் துளைகளை அடைக்கும் பிளாஸ்டிக் மூடிகள் கொண்டுவந்தார். பிள்ளை தவழ இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து, குழந்தையின் கண் உயரத்தில் எந்தெந்தத் துளை தெரியும் என்று அறை அறையாக நகர்ந்து பார்த்தார். அவருக்கு அறுபது வயது இருக்கும். முழங்காலில் வலி உண்டு.

ஜெசி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள்.