மஞ்சள் ஒயர் டிராக்டரின் வெள்ளோட்டம்

மனிதன் மின்சாரத்தைக் கண்டுபிடித்ததே, என்றாவது ஒருநாள் அது புலாவ் தீக்குஸ் அடைக்கப்பன் வீட்டுக்கு வந்து ஒழுக்கம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புல்வெளியில் இருந்தவர்கள் பின்வருமாறு: குடும்பத் தலைவர் அடைக்கப்பன், வயது எழுபத்தாறு, கஞ்சி போட்ட வேட்டி, அவர் மனைவி காமாட்சி ஆச்சி, கையில் தாம்பாளம், தம்பி சண்முகநாதன், கையில் கைத்தொலைபேசி, தம்பி மகள் நித்யா, புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மோட்டார் சோதிப்பவள், கையில் மீட்டர், வாசலில் லாரியோடு நிற்கும், பழைய இரும்பு ஏற்றும் ஷாருல், கையில் ஆச்சி கொடுத்த தேநீர்.

இவர்களைத் தவிர டிராக்டரும் இருந்தது. புல் வெட்டும் மின்சார டிராக்டர். அடைக்கப்பனின் தந்தை வாங்கியது. எட்டு வருடமாக அசையாதது. இப்போது செங்கல் அடுக்குகளின் மேல், சக்கரம் தரையில் படாமல் நின்றது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஓர் ‘உடன்படிக்கை’. பன்னிரண்டு மணிக்குள் டிராக்டர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தால் வீட்டில் இருக்கும். வராவிட்டால் ஷாருலின் லாரியில் ஏறும். அப்பாவின் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டவன் என்ற பெயரோடு லிட்டில் இந்தியாவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? மூன்று வாரமாக அடைக்கப்பனுக்கு இந்த ஒரே கவலைதான். அவருடைய முதுகு அந்த மூன்று வாரத்தில் இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்துவிட்டது.

அந்த மூன்று வாரமும் நித்யா ராப்பகலாக உழைத்தாள். கருகிய பழைய ஸ்விட்சுகளைக் கழற்றினாள். புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்தாள். வயரிங் படத்தில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்று நிறம் போட்டிருந்தது. இங்கேதான் குடும்பத் தலைவர் ஒரு ‘தொழில்நுட்பத் திருத்தம்’ கொண்டுவந்தார். நல்ல காரியத்தில் கறுப்பு ஆகாது. வெள்ளையும் அவ்வளவு விசேஷமில்லை. ஆகவே எல்லா ஒயரும் மங்களகரமான மஞ்சளிலேயே வாங்கி வரப்பட்டன. நித்யா ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி அடையாளம் வைத்தாள். வெள்ளிக்கிழமை வண்டியைச் சுத்தம் செய்த காமாட்சி ஆச்சி, அந்தக் காகிதக் குப்பையையெல்லாம் பிய்த்தெறிந்துவிட்டுச் சந்தனம் வைத்தார்.

“பெரியப்பா, மீட்டர் வச்சு எல்லாத்தையும் கண்டுபுடிச்சிட்டேன். பெடலுக்குப் போற ரெண்டு ஒயர் மட்டும்தான் சந்தேகம்” என்றாள் நித்யா. “அது இடம் மாறியிருந்துச்சுன்னா, பெடல அழுத்துனா வண்டி நிக்கும், கால எடுத்தா முழு வேகத்துல ஓடும். அதான் தூக்கி வச்சிருக்கேன். மொதல்ல சக்கரம் காத்துல சுத்தட்டும்.”

“காத்துல சுத்த இது என்னா காத்தாடியா?”

“டெஸ்ட் பண்றது இப்படித்தான் பெரியப்பா. ரெண்டு நிமிசம்தான்லா.”

“எலுமிச்சம்பழம்?” என்றார் அடைக்கப்பன்.

அந்தக் குடும்பத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எந்தச் சக்கரமும் முதல் சுற்றுச் சுற்றியதில்லை. சக்கரமே இல்லாத ஏர் ஃபிரையருக்குக்கூட ஒரு பழத்தை முன்னால் வைத்து, தன் குதிகாலால் நசுக்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இப்போது அரையடி காற்று இருந்தது. காற்று பழத்தை நசுக்காது.

உடனே அவசரக் கூட்டம் கூடியது.

“பழத்தச் சக்கரத்துலயே கட்டி விட்டுட்டா என்னா அண்ணே?” என்றார் சண்முகநாதன்.

“பலகையில வச்சு, சக்கரத்துக்கு எட்டுற மாதிரி நான் தூக்கிப் பிடிக்கிறேங்க” என்றார் ஆச்சி.

“அப்ப சக்கரம் பழத்த நசுக்குதா, பழம் சக்கரத்த இடிக்குதா? யாராச்சும் பதில் சொல்லுங்க பாப்போம்” என்றார் தலைவர்.

டிராக்டரைத் தரையில் இறக்கிவிட்டே ஓட்டுவது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் மூவர். வாக்குரிமை இல்லாத ஷாருலும் கையைத் தூக்கினார். அது இன்னொரு தேநீர் கேட்டதாகப் பதிவுசெய்யப்பட்டது.

டிராக்டர் இறங்கியது. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு பழங்கள் வைக்கப்பட்டன. பத்தரைக்கு ராகு காலம் முடிந்ததும் அடைக்கப்பன் வேட்டியை மடித்துக்கட்டி இருக்கையில் ஏறினார்.

“நான் ஓட்டுறேன் பெரியப்பா.”

“மொத ஓட்டம் தலைவருக்கு.”

“சரி, ஏதாச்சும் ஆச்சுன்னா ஒடனே சாவியத் திருப்பி அணைச்சிருங்க.”

அவர் பெடலை அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினார். டிராக்டர் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். அப்போதும் அசையவில்லை.

“முடிஞ்சு போச்சு” என்றார் சண்முகநாதன். “ஷாருல், பலகைய இறக்கு.”

ஷாருல் லாரியின் பின்கதவைத் திறந்து, இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்தார். தம்பியை நேருக்கு நேர் நின்று இரண்டு வார்த்தை கேட்பதற்காக அடைக்கப்பன் இறங்க நினைத்தார். பெடலிலிருந்து காலை எடுத்தார்.

நான்கு பழங்களும் ஒரே நேரத்தில் நசுங்கின. காமாட்சி ஆச்சி குலவையிட்டார். அண்ணனின் வண்டி தம்பியின் செருப்பை உரசிக்கொண்டு பறந்தது.

“பெடல அழுத்துங்க பெரியப்பா, அழுத்துங்க!”

அழுத்தினால் வேகம் கூடும் என்பது எழுபத்தாறு வருட உலக அனுபவம். அவர் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

“சாவி! சாவியத் திருப்புங்க!”

“நல்ல நேரத்துல ஆரம்பிச்சத எவன் நிறுத்துவான்?”

“லாரி நிக்குது பெரியப்பா! ஸ்டியரிங்க ஒடிங்க!”

“என் வீட்டு வாசல்ல நான் எதுக்கு ஒடிக்கணும்? லாரி ஒதுங்கட்டும்!”

லாரிக்கு இந்த மரபு தெரியாது. டிராக்டர் இரண்டு பலகைகளிலும் பிசகாமல் ஏறி, உள்ளே கிடந்த பழைய துணி துவைக்கும் இயந்திரத்தில் முட்டி, ஒரு மஞ்சள் ஒயர் கழன்று நின்றது.

“வாசல்வரைக்கும் வந்துட்டேன்” என்று மேலிருந்து அறிவித்தார் அடைக்கப்பன்.

“திரும்பி வரணும்னுல்ல பேச்சு, அண்ணே.”

“வரும். வர்ற வரைக்கும் நான் இறங்க மாட்டேன்.”

ஷாருல் கடிகாரத்தைப் பார்த்தார். தமிழர்களோடு வளர்ந்தவர் என்பதால், மலாயில் மாமா என்று அழைத்துப் பக்குவமாகவே கேட்டார்: “பக்சிக், எனக்குப் பன்னெண்டுக்கு மாக் மண்டின் இரும்புக் கடைல சாமான் இறக்கணும்லா. இறங்குறீங்களா, கூட வர்றீங்களா?”

இறங்குவது தோல்வி. ஆகவே, சந்தனம் வைத்த டிராக்டரின் மேல் சம்மணமிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குடும்பத் தலைவர் கடல்மேல் போகும் பெரிய பாலத்தைக் கடந்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் கையசைத்தார்கள். அவர் தலையசைத்து மரியாதையை ஏற்றுக்கொண்டார்.

சண்முகநாதன் சொந்த அண்ணனையே பழைய இரும்புக்கு ஏற்றி அனுப்பிவிட்டார் என்று லிட்டில் இந்தியாவில் இப்போது ஒரு வதந்தி உலவுகிறது. இது முற்றிலும் தவறு. அவரை யாரும் ஏற்றவில்லை. அவராகவே ஓட்டிக்கொண்டு ஏறினார். மாக் மண்டின் கடைக்காரர் டிராக்டரை மட்டும் இறக்கிக்கொண்டு, அவரை அதே லாரியில் திருப்பி அனுப்பிவிட்டார். டிராக்டரில் கொஞ்சம் செம்பாவது இருந்ததாம்.